அழைக்கிறவரின் ஜாதகத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை மாணவி நான். சர்வாதிகாரியை வெளிநாட்டுப் படை அகற்றலாமா என்று கொள்கைக் குறிப்பு எழுத வேண்டும். அந்நாட்டிலிருந்து தப்பிய தலைவர்களே ‘வாருங்கள், மக்கள் வரவேற்பார்கள்’ என்று அழைக்கும்போது, கூடாது என்று எப்படி எழுதுவது?

பதில்: தாராளமாக எழுதலாம். தற்காப்போ பாதுகாப்பு மன்ற அனுமதியோ இல்லாமல் படை அனுப்பக் கூடாது என்கிறது ஐ.நா. சாசனம், சட்டத்தில் உங்களுக்கு அவ்வளவு போதும். சிக்கல் அந்த ‘வாருங்கள்’தான்.

சதாமைக் கவிழ்க்க வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவை அழைத்த ஈராக்கியர் அகமது சலாபியைப் பாருங்கள். சிறுவனாக 1958-ல் ஈராக்கை விட்டுப் போனவர். ஜோர்தானில் வங்கி மோசடி வழக்கில் 1992-லேயே தண்டனை விதிக்கப்பட்டவர். அவருடைய எதிர்ப்பு அமைப்பான ஈராக் தேசிய காங்கிரஸ் அமெரிக்கப் பணத்தில் நடந்தது. அது கொண்டுவந்து நிறுத்திய ஆட்கள் சதாமின் ஆயுதங்களைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார்கள். கேட்க ஆசைப்பட்டவர்கள் நம்பினார்கள். சொன்ன கிடங்குகள் கிடைக்கவே இல்லை. 2005 டிசம்பர் தேர்தலில் அவர் கட்சிக்கு ஓர் இடம்கூட வரவில்லை. இப்படிப்பட்ட தரகர்கள் எல்லாத் தலைநகரங்களிலும் கோட் சூட்டோடு திரிகிறார்கள்.

ஆகவே கேளுங்கள்: அழைக்கிறவருக்கு உள்ளூரில் ஓட்டு உண்டா? ஆட்சி விழுந்த மறுநாள் சிப்பாய்க்குச் சம்பளம் யார் தருவார்? 2003 மே 23 அன்று, சதாம் விழுந்த பிறகு ஈராக்கை நிர்வகித்த அமெரிக்கர் பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். துப்பாக்கி கையில், சம்பளம் இல்லை. கலகத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

பனாமாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பேராசிரியர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். 1989 மே தேர்தலில் எதிர்க்கட்சியின் எந்தாரா தெளிவாக முந்தினார். ராணுவ சர்வாதிகாரி நொரியேகா தேர்தலையே ரத்து செய்தார். டிசம்பர் 20 அன்று அமெரிக்கா படையெடுத்தபோது பதவியேற்றவர் அதே எந்தாரா. நாடு சிறியது, கால்வாய் ஓரம் அமெரிக்கப் படை ஏற்கெனவே முகாமிட்டிருந்தது. அப்படியிருந்தும் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், ஐ.நா. பொதுச் சபை கண்டித்தது. ஆனாலும் ஓட்டு வாங்கிய ஒருவர் நாட்டுக்குள்ளேயே இருந்தார். பாக்தாத்தில் யார் இருந்தார்? ஈரானில் 1953-ல் பிரதமர் மொசாடெக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்ததை வெற்றி என்று யாராவது சொன்னால், 1979 இஸ்லாமியப் புரட்சி வரை படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

‘பாடம் கற்றுக்கொண்டோம்’ என்ற அரசு வாசகத்தை மட்டும் குறிப்பில் சேர்க்காதீர்கள். ஈராக் போரை ஆராய பிரிட்டன் 2009-ல் அமைத்த சில்காட் குழு, 12 தொகுதி அறிக்கையை 2016-ல்தான் கொடுத்தது. அதற்குள் 2011-ல் பிரிட்டனும் கூட்டாளிகளும் லிபியாவில் குண்டு போட்டு, சர்வாதிகாரி கடாபியும் கொல்லப்பட்டு, அந்த நாடு இரண்டு அரசாங்கங்களாகப் பிளந்திருந்தது.