‘அங்கீகாரம் தேவை’ என்றால் யாரிடம் வாங்குவது?

கேள்வி: அக்கா, மூதூரில் சின்னதாக ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினிகளிலும் உபுண்டு இயங்குதளம். படிக்க வரும் பிள்ளைகளுக்காகத் தமிழுக்கு மாற்றினேன். இப்போது எதையாவது நிறுவப் போனால் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வருகிறது. பொத்தான்கள் தமிழில், நடு வசனம் ஆங்கிலத்தில். சரியாக அடித்தாலும் பிழை என்கிறது. பழையபடி ஆங்கிலத்துக்கே மாற்றிவிடவா?
– வாசகி, மூதூர்

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. முதலில் கடவுச்சொல்லைப் பார்ப்போம். பெட்டி திறந்தபோது தட்டச்சு தமிழில் இருந்திருக்கும். தமிழ் 99 விசைப்பலகை முறையில் ஹெச் தட்டினால் க, ஜே தட்டினால் ப, கே தட்டினால் ம விழும். பெட்டியில் தெரிவதோ வெறும் புள்ளிகள். பெட்டியை மூடி, மேற்பட்டையில் தட்டச்சை ஆங்கிலமாக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் அடையாளம் இருந்தால் அதை அழுத்தி, விழுந்த எழுத்தைப் பாருங்கள். இன்னொன்று: பிள்ளைகளின் கணக்கிலிருந்து நிறுவினால், கேட்பது அவர்களுடைய கடவுச்சொல்லை அல்ல, நிர்வாகியுடையதை. பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதைத்தான் அடிக்க வேண்டும்.

பாதித் தமிழ் வருவது உங்கள் பிழையல்ல. அந்தப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். பெட்டியின் வெளிச்சட்டமும் பொத்தான்களும் க்னோம் திரைச்சூழலுடையவை; உபுண்டுவில் நீங்கள் காணும் திரையை வரைவது அதுதான். நடு வசனம், அனுமதி கேட்கும் மென்பொருள் போல்கிட்டுக்காக (யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் பகுதி) வைத்திருக்கும் கோப்பிலிருந்து வருகிறது. அங்கே தமிழ் வரி இல்லையென்றால் ஆங்கில வரிதான் தெரியும். கோப்பைத் திறந்து நீங்களே தமிழை எழுதலாம்; ஆனால் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். அந்த மென்பொருளின் மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

அப்படி எழுதும்போது ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். உப்புவெளியில் என் மாலை வகுப்புக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். ‘அங்கீகாரம் தேவை’ என்று திரையில் வந்ததும் கையை எடுத்துவிட்டு, “பிள்ளை, இதை யாரிட்ட போய் எழுத்தில வாங்க வேணும்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தவறு? இங்கே அங்கீகாரம் என்றால் மேலதிகாரியின் கையெழுத்து. ஆங்கிலத்தில் ‘நீ யார்’ என்று கேட்பதற்கு ஒரு சொல், ‘உனக்கு அனுமதி உண்டா’ என்று கேட்பதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் அங்கீகாரத்தையே போட்டுவிடுகிறோம். எனக்கு இது மனவருத்தம். ‘மென்பொருளை நிறுவுவது நீங்கள்தான் என உறுதிசெய்ய, உங்கள் கடவுச்சொல்லைத் தாருங்கள்’ என்று எழுதினால் அந்த ரீச்சர் யாரையும் தேடிப் போகத் தேவையில்லை.

பெயர் வரும் இடமும் சிக்கலானது. ஆங்கில வசனத்தில் பயனர் பெயருக்குப் பதிலாக ஒரு டாலர் குறியும் அடைப்புக்குள் ஒரு சொல்லும் சேர்ந்த குறி இருக்கும். ஓடும்போது மென்பொருள் அங்கே பெயரை வைக்கும். நமக்கோ ராஜன் என்றால் ‘ராஜனின்’, மாலா என்றால் ‘மாலாவின்’. குறியோடு ‘இன்’ ஒட்டினால் ‘மாலாஇன்’ என்று திரையில் வந்து நிற்கும். ‘பயனர்: மாலா. கடவுச்சொல்:’ என்று பிரித்துவிடுவதே நல்லது. குறியை மட்டும் தவறியும் அழித்துவிடாதீர்கள். யாருடைய கடவுச்சொல் என்பதே தெரியாமல் போய்விடும்.

கடவுச்சொல்லையே தமிழில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் திரைச்சூழல் பழுதாகிக் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரையில் நுழைய வேண்டி வந்தால் அங்கே தமிழ் அடிக்க வழியிருக்காது. கடைக் கணினிக்கு வேண்டாம்.

உங்கள் பெட்டியில் வரும் ஆங்கில வசனத்தை எழுத்து மாறாமல் தாளில் எழுதி அனுப்புங்கள். மென்பொருளின் பெயரும் வேண்டும். தமிழாக்கி அடுத்த இதழில் தருகிறேன்.