பெர்-சிபியூ நினைவகம்: கர்னல் அதை எங்கே, எப்படி மேப் செய்கிறது? (கேள்வி பதில்)

பெர்-சிபியூ நினைவகம் என்றால் ஒரே மாறிக்கு ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒரு தனிப் பிரதி. வரம்பு: லினக்ஸ், 64 பிட் எக்ஸ்86. கேட்பதற்கு முன் பூட் லாகில் "பெர்சிபியூ" என்று தொடங்கும் வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: சார், 8 கோர் மெஷின். லாகில் 46 பக்கங்கள், எஸ் 151552, ஆர் 8192, டி 28672, யூ 262144 என்று வருகிறது. முதல் மூன்றையும் கூட்டினால் 188416தான். மீதி எங்கே?

பதில்: இப்படிக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டால் பதில் எழுத ஆசையாக இருக்கும். எஸ் என்பது கர்னலுக்குள்ளேயே அறிவித்த பெர்-சிபியூ மாறிகள். ஆர் மாட்யூல்களின் மாறிகளுக்கு ஒதுக்கிய 8 கேபி. டி, ஓடும்போது வரும் முதல் கோரிக்கைகளுக்கு. மொத்தம் 46 × 4096 = 188416. யூ மட்டும் வேறு வகை: ஒரு சிபியூவின் பகுதி தொடங்கும் இடத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை உள்ள தூரம் அது.

பெர்-சிபியூ இடம் சங்க் சங்க்காக (துண்டு துண்டாக) ஒதுக்கப்படும். முதல் சங்க் லீனியர் மேப்பிலேயே (பௌதிக நினைவகத்தைக் கர்னல் வரிசையாக மேப் செய்திருக்கும் பகுதி) இருக்கும். அங்கே 2 எம்பி பெரிய பக்கங்கள் என்பதால் டிஎல்பி (முகவரி மாற்றங்களைச் சேமிக்கும் கேஷ்) செலவு குறைவு. அதனால் 2 எம்பி துண்டாக வாங்கிச் சம பங்காகப் பிரிக்கிறது. 2097152க்குள் 188416 பதினொரு முறை அடங்கும். ஆனால் 11, 10, 9 எதுவும் மீதியின்றி வகுக்காது. 8 வகுக்கும், பங்கு 262144. (4 கோர் மெஷினில் இதே இடத்தில் 524288 வரும்.) பங்கில் மிஞ்சும் 73728 பைட், அதாவது 18 பக்கங்கள், பூட்டின்போதே பொது நினைவகத்துக்குத் திரும்பிவிடும். தூரம் மட்டும் நிற்கும், இடம் வீணாகாது.

கேள்வி: அலாக்_பெர்சிபியூ கொடுத்த பாயின்டரில் எழுதினால் கர்னல் ஊப்ஸ் (கர்னலுக்குள் விழும் பிழை) ஆகிறது.

பதில்: அது நேரடி முகவரி அல்ல. பெர்_சிபியூ_பிடிஆர் அல்லது திஸ்_சிபியூ_பிடிஆர் வழியாகப் போங்கள். ஸ்பார்ஸ் (கர்னல் கோடைச் சோதிக்கும் கருவி) ஓட்டியிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

கேள்வி: முதல் சங்க் நிரம்பிய பிறகு அடுத்தது எங்கே மேப் ஆகும்?

பதில்: விமலாக் பரப்பின் (சிதறிய பக்கங்களைத் தொடர்ச்சியான முகவரியில் காட்டும் கர்னல் பகுதி) மேல் நுனியிலிருந்து கீழ்நோக்கி. இங்கேதான் எல்லாச் சூட்சுமமும். ஒரு சிபியூவுக்கு ஒரே ஒரு ஆஃப்செட்தான்; அது ஜிஎஸ் என்ற செக்மென்ட் ரிஜிஸ்டரின் பேஸில் இருக்கும். எந்தச் சங்க்கில் இருக்கும் மாறியானாலும் அதே எண்ணைக் கூட்டினால் அந்த சிபியூவின் பிரதி கிடைத்தாக வேண்டும். ஆகவே முதல் சங்க்கில் சிபியூக்களுக்கு இடையே இருந்த இடைவெளி, புதிய சங்க்கிலும் அச்சுப் பிசகாமல் வர வேண்டும். இரண்டு நியூமா நோடுகளின் (தத்தம் நினைவகம் உள்ள சிபியூ குழுக்கள்) பகுதிகள் லீனியர் மேப்பில் 64 ஜிபி தள்ளி இருந்தால், விமலாக்கிலும் 64 ஜிபி தள்ளித்தான் இடம் பிடிக்கும். பிடிப்பது வெறும் முகவரிதான்; உண்மையான பக்கங்கள் தேவைப்படும்போதுதான் ஏறும்.

இந்தத் தூரம் விமலாக் அளவில் முக்கால் பங்கைத் தாண்டினால், முதல் சங்க்கை லீனியர் மேப்பிலேயே வைக்கும் எம்பெட் முறை தோற்று, 4 கேபி பக்கம் பக்கமாக மேப் செய்யும் பேஜ் முறைக்குக் கர்னல் இறங்கிவிடும். நான்கு அடுக்குப் பேஜிங்கில் விமலாக் 32 டிபி, கவலை இல்லை. விமலாக் குறுகலான 32 பிட் கர்னலில்தான் இது இடிக்கும்.

கேள்வி: "யூசிங் எஸ்எம்பி_பிராசசர்_ஐடி இன் ப்ரீஎம்ப்டிபிள்" என்று எச்சரிக்கை வருகிறது அண்ணா.

பதில்: சிபியூ எண்ணை வாங்கிய மறு நொடியே ஷெட்யூலர் உங்களை வேறு கோருக்குத் தூக்கிப் போடலாம், கையில் இருப்பது பழைய எண். ஒரே கவுன்டர் என்றால் திஸ்_சிபியூ_இன்க் போதும். எக்ஸ்86ல் அது லாக் முன்னொட்டு இல்லாத ஒற்றைக் கட்டளை, இன்டரப்ட் நடுவில் புக முடியாது. பல படி வேலை என்றால் கெட்_சிபியூ_பிடிஆர், புட்_சிபியூ_பிடிஆர் ஜோடி. நடுவே தூங்கக் கூடாது. இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே மாறியைத் தொட்டால் இன்டரப்ட்டையும் நிறுத்துங்கள்.

கேள்வி: இவ்வளவு சுற்று எதற்கு? எல்லா சிபியூவிலும் ஒரே விர்ச்சுவல் முகவரி, அடியில் வெவ்வேறு பக்கம் என்று மேப் செய்தால் ஜிஎஸ்ஸும் வேண்டாம், ஆஃப்செட்டும் வேண்டாமே?

பதில்: ஐஏ-64 லினக்ஸ் அப்படித்தான் செய்தது. முகவரிப் பரப்பின் உச்சியில் 64 கேபி, டிரான்ஸ்லேஷன் ரிஜிஸ்டரில் பூட்டி வைத்திருந்தது. அந்த ரிஜிஸ்டர் பேஜ் டேபிளுக்கு வெளியே உள்ளது. எக்ஸ்86ல் அப்படி ஒன்று கிடையாது. ஒரே பிராசஸின் இரண்டு த்ரெட்கள் இரண்டு கோரில் ஓடினால் இரண்டும் ஒரே பேஜ் டேபிள் மரத்தைத்தான் பார்க்கும்.

கேள்வி (அவரே): மேல் அடுக்கை மட்டும் சிபியூவுக்கு ஒன்றாக நகலெடுத்தால் என்ன? 4 கேபிதானே.

பதில்: 64 சிபியூ, 1000 பிராசஸ்: 250 எம்பி. அதுகூடப் போகட்டும். மேல் அடுக்கில் ஒரு பதிவு மாறினால் அத்தனை நகலிலும் மாற்ற வேண்டும். அதைவிட மோசம், மாறியின் முகவரியை இன்னொரு சிபியூவிடம் கொடுத்தால் அங்கே அது வேறு மாறியைக் காட்டும். ஊப்ஸ் வராது, எச்சரிக்கை வராது, லிங்க்டு லிஸ்ட் மட்டும் மெல்ல அழுகும்.

கேள்வி (இன்னொருவர்): கேபிடிஐ (யூசருக்கும் கர்னலுக்கும் தனித்தனிப் பேஜ் டேபிள்) வந்ததிலிருந்து இரண்டு மரம் இருக்கிறதே. மூன்றாவது வந்தால் குடியா முழுகிவிடும்?

பதில்: அந்த இரண்டும் பிராசஸுக்கு இரண்டு, சிபியூவுக்கு அல்ல. கேபிடிஐயே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 4.15ல் வந்த சிபியூ_என்ட்ரி_ஏரியாவைப் பாருங்கள்: ஒவ்வொரு சிபியூவின் ஜிடிடி (செக்மென்ட் டிஸ்கிரிப்டர் அட்டவணை), டிஎஸ்எஸ் (ஸ்டாக் முகவரிகள் உள்ள அமைப்பு), என்ட்ரி ஸ்டாக், விதிவிலக்கு ஸ்டாக்குகள் எல்லாம் 512 ஜிபி தனிப் பரப்பில் தனித்தனி முகவரியில், ஸ்டாக்குகளுக்கு இடையே கார்டு (காவல்) பக்கத்தோடு. யூசர் மரத்திலும் எல்லா சிபியூவின் பகுதியும் தெரியும். முகவரி நிலையாக இருந்தது தாக்குபவருக்கு வசதியாகிவிட்டதால் 6.2ல் அந்த இடங்களையும் கலைத்துப் போட்டார்கள். இதற்கு மேல் இந்த வழக்கு வேண்டாம்.

கேள்வி: 4 விசிபியூ விஎம், ஆனால் மெமின்ஃபோவில் பெர்சிபியூ வரி மிகப் பெரிதாக இருக்கிறது.

பதில்: ஒதுக்கீடு "பாசிபிள்" (பின்னாளில் சேரக்கூடியவை உட்பட) சிபியூக்களுக்கு, ஆன்லைனுக்கு அல்ல. சிஸ்எஃப்எஸ்ஸில் பாசிபிள் கோப்பைப் பாருங்கள். 0-239 என்று இருந்தால் 240 பிரதி. பூட் வரியில் என்ஆர்_சிபியூஸ்=4 போடுங்கள்; பிறகு நான்குக்கு மேல் ஹாட்பிளக் செய்ய முடியாது. இதே காரணத்தால் கவுன்டரைக் கூட்டும்போதும் பாசிபிள் அனைத்தையும் சுற்றுங்கள். ஆஃப்லைன் போன கோரின் எண்ணிக்கை அதன் பிரதியிலேயே கிடக்கும்.

கேள்வி: ப்ரீஎம்ப்டிபிள் எச்சரிக்கை...

பதில்: மேலே.

கேள்வி: விண்டோஸில்?

பதில்: கேபிசிஆர், ஜிஎஸ் வழியாக. மீதியை விண்டோஸ்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஓஎஸ் எழுதுகிறேன். ஜிஎஸ் பேஸ் போட்ட பிறகும் முதல் அணுகலிலேயே ஃபால்ட்.

பதில்: வாரம் ஒருமுறை வரும் கேள்வி. செலக்டர் முதலில், பேஸ் பிறகு! ஜிஎஸ் ரிஜிஸ்டரில் செலக்டரை ஏற்றினால் டிஸ்கிரிப்டரில் உள்ள பேஸ் வந்து எம்எஸ்ஆரில் (சிபியூவின் சிறப்பு ரிஜிஸ்டர்) நீங்கள் எழுதியதை அழித்துவிடும். ஜிடிடியை மாற்றி, செலக்டர்களை ஏற்றி முடித்த பிறகே எம்எஸ்ஆர் எழுதுங்கள். ஒவ்வொரு கோரும் தனக்குத் தானே எழுத வேண்டும், ஒன்று இன்னொன்றுக்காக எழுத முடியாது.

இன்னொன்று: எல்இஏ கட்டளை செக்மென்ட் பேஸைக் கணக்கில் எடுக்காது. அமைப்பின் முதல் 8 பைட்டில் அதன் சொந்த முகவரியை எழுதிவைத்து, ஜிஎஸ்:0ஐ மூவ் மூலம் படியுங்கள்.

கேள்வி: ஸ்வாப்ஜிஎஸ் (யூசர், கர்னல் ஜிஎஸ் பேஸ்களை மாற்றிக்கொள்ளும் கட்டளை) போட்டிருக்கிறேன். ஆனாலும் என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) வரும்போது மட்டும் விழுகிறது.

பதில்: யூசரிலிருந்து நுழைந்து ஸ்வாப்ஜிஎஸ் ஓடுவதற்குள் என்எம்ஐ வந்திருக்கும். ஸ்டாக்கில் உள்ள சிஎஸ் (கோட் செக்மென்ட்) கர்னல் என்கிறது, ஜிஎஸ்ஸோ இன்னும் யூசருடையது. என்எம்ஐ பாதையில் சிஎஸ்ஸை நம்பாதீர்கள். எம்எஸ்ஆரைப் படித்து, மேல் பிட் 1ஆக இருந்தால் கர்னல் பேஸ் என்று கொள்ளலாம். எஃப்எஸ்ஜிஎஸ்பேஸை (ஜிஎஸ் பேஸை நேரடியாக எழுதும் கட்டளைகள்) யூசருக்குத் திறந்துவிட்டிருந்தால் அதுவும் பொய்க்கும், யூசரே மேல் பிட்டைப் போட முடியும். அப்போது ஒவ்வொரு கோரின் ஜிடிடியிலும் ஒரு டிஸ்கிரிப்டர் லிமிட்டில் சிபியூ எண்ணை வைத்து, லிமிட்டைப் படிக்கும் எல்எஸ்எல் கட்டளையால் எடுத்து, ஆஃப்செட் அட்டவணையிலிருந்து பேஸை நீங்களே ஏற்றுங்கள். திரும்பும்போது பழையதை அப்படியே வைக்க மறக்காதீர்கள்.