மகளுக்கு முதியோர் மையத்தில் மேனேஜர் வேலை: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுநிலைப் படிப்பு) முடித்துவிட்டாள். முதியோர் பகல் பராமரிப்பு மையம் ஒன்றில் மேனேஜராகச் சேரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. அதிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. "ஆயா வேலைக்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சோம்?" என்று அவள் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று தோன்றுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் கடிதம் முழுக்க 'முதியோர் இல்லம்' என்றே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு வந்திருப்பது அது இல்லை. பகல் மையத்துக்குப் பெரியவர்கள் காலையில் வருவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள்தான் பெரும்பாலும் அங்கே வருகிறார்கள். கேரளத்தில் பஞ்சாயத்துகள் இதைப் 'பகல்வீடு' என்று நடத்துகின்றன. நம் மாநில அரசும் 2025-26 பட்ஜெட்டில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 மையங்களுக்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆக, நைட் டியூட்டி கிடையாது. சாயங்கால வண்டி கிளம்பிய பிறகு கணக்கு எழுத அரை மணி நேரம், அவ்வளவுதான்.

ஆயா வேலைக்கு ஆயாக்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஆயாவில் ஒருத்தர் லீவு போட்டு, மற்றவருக்குக் காய்ச்சல் வருகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஒரு தாத்தாவின் வேட்டியை மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் மகள்தான் மாற்ற வேண்டும். இதை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் மேனேஜருக்கு என்னதான் வேலை? சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி இப்படியொரு மையத்தில் சேர்ந்தாள். அவளைப் பார்க்கப் போய் ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முப்பது பேர் வருகிற இடம். பதினொரு மணிக்கு எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். பாதி டம்ளர்கள் அப்படியே திரும்பின. "வயசானா தாகம் எடுக்காதும்மா" என்று சமையல்கார அக்கா சொன்னார். அதில் உண்மை உண்டு, வயதாக ஆகத் தாக உணர்வு குறையத்தான் செய்யும். என் மாணவி அதோடு விடவில்லை. ஒரு வாரம் யார் குடிக்கிறார்கள், யார் குடிக்கவில்லை என்று நோட்டில் குறித்திருக்கிறாள். குடிக்காதவர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள். பாத்ரூம் வாசலில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு படி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. தண்ணீர் குடித்தால் அடிக்கடி அந்தப் படியைத் தாண்ட வேண்டுமே என்று பயந்து வாயை நனைத்துக்கொண்டு டம்ளரை வைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் குறைந்தால் வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். சில பேருக்கு அது காய்ச்சலாகக்கூடத் தெரியாது, திடீரென்று ஆள் குழம்பிப்போவார்கள், சொந்த மகளையே யாரென்று கேட்பார்கள். வீட்டில் 'அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் மாணவி ஒரு கொத்தனாரை வரவழைத்துப் படியைச் சரிவாக்கி, இரண்டு பக்கமும் கம்பி வைத்தாள். பக்கத்து அறையில் இருந்த கேரம் போர்டை பாத்ரூமுக்கு அருகில் இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு பானையில் தண்ணீர் மிஞ்சுவதில்லை என்றாள். மேனேஜர் வேலை என்றால் இதுதான்.

மற்ற வேலைகள் பட்டியலாக எழுதினால் அலுப்பாக இருக்கும். வேன் டிரைவர், வருகைப் பதிவேடு, யாருக்கு சுகர், யாருக்கு உப்புக் குறைக்க வேண்டும், மாத்திரை டப்பா, பிசியோதெரபிஸ்ட் வராத செவ்வாய்க்கிழமை. நவம்பர் வந்துவிட்டால் மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று. ரேகை தேய்ந்த விரலை மெஷின் படிக்காமல் பெரியவர்கள் அழுத நாட்களும் உண்டு. இப்போது முகத்தைக் காட்டியே செல்போனில் முடிக்கிற வசதி வந்துவிட்டது. அதையும் உட்கார வைத்து இவள்தான் செய்து கொடுப்பாள்.

கஷ்டமான பகுதி குடும்பங்கள். "மகன் பேருக்கு வீட்டை எழுதிக் குடுத்துட்டேன், இப்ப சாப்பாட்டுக்கு முகம் சுளிக்கிறாங்க" என்று ஒரு பாட்டி மத்தியானம் காதில் சொல்வார். சாயங்காலம் அதே மகன் வாசலில் வண்டியோடு நிற்பார், சிரித்தபடி. இந்த இடத்தில் கோபப்பட்டால் காரியம் கெடும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யக் கேட்கவும் அதில் வழி உண்டு. 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. இதெல்லாம் மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மனு போடுவதா வேண்டாமா என்பதைப் பாட்டிதான் முடிவு செய்ய வேண்டும். பல பாட்டிகள் 'வேண்டாம்மா, அவன் பேரு கெட்டுடும்' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு மறுநாளும் அந்த மகனுக்கு வணக்கம் சொல்ல முடிகிறவள்தான் இந்த நாற்காலியில் நிலைப்பாள்.

பிறகு ஒரு நாள் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். விசாரித்தால் ராத்திரியே போய்விட்டார் என்பார்கள். இருபத்து நாலு வயதில் இதை அடிக்கடி பார்ப்பது லேசான விஷயம் இல்லை. உங்கள் மகள் வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தால், அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போடுங்கள்.

சரி, பணம். தொண்டு நிறுவனம் நடத்தும் மையம் என்றால் ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஐ.டி.யில் இருக்கும் உங்கள் அண்ணன் மகனோடு ஒப்பிட்டால் வருத்தமே மிஞ்சும். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. 'இது சேவைம்மா' என்று சொல்லிச் சம்பளத்தை இழுத்தடிப்பவர்கள் இந்தத் துறையில் உண்டு. என்னிடம் படித்த ஒருவனுக்கு ஓரிடத்தில் மூன்று மாதம் பாக்கி வைத்தார்கள், கேட்டதற்கு 'உனக்கு மனசு இல்லை' என்றார்கள். கரண்ட் பில்லை யாரும் சேவை என்று தள்ளிப் போடுவதில்லையே. பி.எஃப். பிடிக்கிறார்களா, நியமனக் கடிதத்தில் சம்பளத் தேதி இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இதில் முன்னேற வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 10 சதவீதம். 2031-இல் அது 18 சதவீதத்தைத் தொடும் என்பது மத்திய அரசு நிபுணர் குழுவின் கணிப்பு. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைச் செலவிடக்கூடிய இனங்களில் முதியோர் பகல் மையங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதனால் கணக்கைச் சுத்தமாக வைத்து, திட்ட அறிக்கையை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு மூன்று நான்கு வருடத்தில் கிராக்கி வரும். திட்ட ஒருங்கிணைப்பாளர் ஆகலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் பெருகியிருக்கும் முதியோர் குடியிருப்புகளுக்கும் போகலாம், அங்கே சம்பளம் மேல். டெல்லியில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் முதியோர் மருத்துவ டிப்ளமோ எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும், அதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. 'அனுபவம் இருந்தா லண்டனுக்கு கேர் விசா' என்று ஏஜென்ட் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் வழியைப் பிரிட்டன் 2025 ஜூலை 22-ஆம் தேதியே மூடிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் விஷயம். 'முதியோர் மையத்துல மேனேஜர், முப்பது பேரையும் அஞ்சு ஸ்டாஃபையும் பார்த்துக்கிறா' என்று சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். அதில் பாதி வேலை முடிந்துவிடும். மாமியார் மாமனாரையும் இவளே பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டு ஆசையாக வருகிறவர்கள்தான் எனக்குப் பயம். அவர்களிடம் நாலு கேள்வி அதிகமாகக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் ஒரு நாள் அந்த மையத்தில் காலை வண்டி வருவதிலிருந்து சாயங்காலம் கிளம்புவது வரை இருந்து பார்க்கட்டும். அனுமதிக்க மாட்டோம் என்றால் அந்த இடமே வேண்டாம். போனால் பாத்ரூமைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு முன் இருந்த மேனேஜர் ஏன் போனார் என்று சமையல் அக்காவிடம் கேட்கச் சொல்லுங்கள், நிர்வாகியிடம் கேட்டால் வேறு பதில் வரும். நீங்களும் அவள் அப்பாவும் கூடப் போகாதீர்கள். திரும்பி வந்த பிறகு எனக்கு அவளே போன் பண்ணட்டும்.