வங்கி ஏலத்தில் எடுத்த வீட்டைப் பழைய உரிமையாளர் காலி செய்யவில்லை, என்ன செய்வது?

முதலில் ஏல அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். ‘சிம்பாலிக் பொசெஷன்’ என்று இருந்தால், வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி, சாவி அவர்கள் கையில் இல்லை.

தயவுசெய்து நீங்களாகப் பூட்டை உடைக்காதீர்கள், கரண்டைத் துண்டிக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வீட்டைக் கைப்பற்றித் தரும்படி மனு போட வேண்டியது வங்கிதான். விற்பனைச் சான்றிதழ் கொடுத்த பிறகும் வங்கி அப்படிப் போகலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் ‘விற்றாச்சு, இனி உங்கள் பாடு’ என்று மேனேஜர் கைவிரித்தால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். உத்தரவுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 60. நடைமுறையில் இழுக்கும்.

கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பழைய உரிமையாளர் வாங்கிய தடை ஏதும் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வாடகைதாரர் என்றால் கதை வேறு. அடமானத்துக்கு முன்பே பதிவான ஒப்பந்தம் இருந்தால் அவரை லேசில் அசைக்க முடியாது.

என்னைக் கேட்டால், முதலில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை அவகாசமும் வண்டிச் செலவும் கொடுத்தால் பலர் இறங்கி வருவார்கள். அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தைச் சாவி கைக்கு வரும் அன்று கொடுங்கள்.