தலையை விடுங்கள், இறக்கை நுனியைப் பாருங்கள்

கேள்வி: ஜனவரியில் மன்னாருக்குப் போகிறோம். பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? படங்களில் ஒன்றுபோலவே தெரிகின்றன.
– வாசகி, ஹட்டன்

பதில்: பெயரிலுள்ள தலை நிறம் ஜனவரியில் கைகொடுக்காது. அப்போது இரண்டுக்கும் தலை வெள்ளைதான். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். அலகும் காலும் இரண்டிலும் சிவப்பு.

பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு நுனி முழுக்கக் கறுப்பு, அதற்குள் பளிச்சென்று வெள்ளைப் பொட்டுகள். கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளைப் பட்டை ஓடும். கறுப்பு நுனியோரத்தில் மெல்லிய கரையாக மட்டுமே இருக்கும். தலைக்கு மேலே பறந்தால் இன்னும் சுலபம்: பழுப்புத்தலையின் இறக்கை அடிப்புற நுனி ஒரே கருமை, கருந்தலையில் வெளி இறகுகள் வெள்ளை.

உட்கார்ந்திருந்தால் கண்ணைப் பாருங்கள். வெளிறிய விழி என்றால் பழுப்புத்தலை, கரிய விழி என்றால் கருந்தலை. பலரும் தவறுவது இங்கேதான். பழுப்புத்தலையின் இளம் பறவைக்கும் விழி கறுப்பு. இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டும் இராது. வால் நுனியில் கரும்பட்டையும் இறக்கையில் பழுப்புத் திட்டுகளும் தெரிந்தால் அது இளசு. கண்ணை நம்பாமல், பறக்கும்வரை காத்திருந்து முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை உண்டா என்று பாருங்கள். பட்டை இல்லாமல் நுனி முழுக்கக் கறுப்பென்றால் பழுப்புத்தலை. சந்தேகம் தீராவிட்டால் குறிப்பேட்டில் 'கடற்காகம்' என்று மட்டும் எழுதுங்கள், அதுவே நேர்மையான பதிவு.

கமரா இருந்தால் 1/2000 வினாடியில் தொடர்ச்சியாகப் படமெடுங்கள். கருநீலக் கடல் பின்னணியென்றால் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இல்லையேல் வெள்ளை வெளிறி, பட்டையின் ஓரம் மறைந்துவிடும்.

நம் நாட்டுக்குக் கூட்டமாக வருவது பழுப்புத்தலைதான். இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். பழுப்புத்தலை கூடு கட்டும் திபெத் பீடபூமி ஏரிகள் அதைவிட உயரத்தில் இருக்கின்றன. கடலோரத்தில் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல் வெள்ளையாக ஒரு பறவை வட்டமிட்டது. கடற்காகமா?
– வாசகர், நோர்வூட்

பதில்: மலைநாட்டில் முதலில் கடற்காகத்தின் உறவுப் பறவையான ஆலாவைச் சந்தேகியுங்கள். உள்நாட்டு நீர்நிலைகளுக்கு வழக்கமாக வருவது மீசை ஆலா. உருவம் புறாவைவிட மெலிந்தது. அலகைக் கீழ்நோக்கி வைத்தபடி பறந்து, நீர்ப்பரப்பைத் தொட்டு இரையெடுத்து எழும்பும். கூரிய நேரான அலகும், நடுவில் சற்றே பிளந்த வாலும் இருந்தால் ஆலா. அலகு நுனி கீழே வளைந்து, வால் விசிறிபோல் விரிந்து, தண்ணீரில் உட்கார்ந்து மிதந்தால் கடற்காகம். அப்படியானால் திகதி, நேரத்தோடு படத்தையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.