சேவை செய்தால் கல்லூரிப் பணம் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தைக்கிறேன். வருட வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டாது. மகள் அரசுப் பள்ளியிலேயே படித்து, இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என்.எஸ்.எஸ்.ஸிலும் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர் குடியிருப்பு) தங்கியிருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறாள். சேவை செய்தால் காலேஜ் ஃபீஸே கிடைக்கும் என்று ஏதோ வீடியோ பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கோவையில் ஓர் அமைப்பு 4,500 ரூபாய் கட்டினால் தலைமைப் பயிற்சியும் சான்றிதழும் தந்து, 50,000 ரூபாய் உதவித்தொகைக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்கிறது. இன்னொரு பக்கம், ஒரு சாக்லேட் கடையில் ஞாயிறு வேலைக்கு நாளுக்கு 500 ரூபாய் தருவதாகக் கூப்பிடுகிறார்கள். மகன் பிளஸ் டூ, அவனும் அரசுப் பள்ளிதான். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அந்த 4,500 ரூபாயைக் கட்டாதீர்கள் அம்மா. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உதவித்தொகை என்பது அவர்கள் உங்களுக்குத் தருவது. அதற்கு முன்பணம் கேட்கிறார்கள் என்றால் வியாபாரம் வேறு. என் அக்கா மகன் இப்படித்தான் ஓர் இடத்தில் பணம் கட்டினான். பளபளவென்று லேமினேட் செய்த சான்றிதழ் வந்தது. அப்புறம் "நேர்காணல் கட்டணம்" என்று இன்னொரு 2,000 கேட்டு போன் வந்தது. அதோடு சரி. "பரிந்துரைப்போம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தருவோம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

உங்கள் மகள் பார்த்த வீடியோ அநேகமாக அமெரிக்காவைப் பற்றியதாக இருக்கும். அங்கே அமெரிகார்ப்ஸ் என்ற அரசுத் திட்டத்தில் ஒரு வருடம் முழுநேரமாக, 1,700 மணி நேரம் சேவை செய்தால், படிப்புக்கென்று ஒரு தொகை உண்டு. அந்த நாட்டுக் குடிமக்களும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களும்தான் அதில் சேர முடியும். இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை பணம் என்ற அந்தக் கணக்கு நம் ஊரில் இல்லை. இங்கே கல்விப் பணம் பெரும்பாலும் குடும்ப வருமானம், படித்த பள்ளி, சாதிப் பிரிவு, மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்து வருகிறது. சேவை பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் கைகொடுக்கும்: விண்ணப்பத்தில் எழுத, நேர்காணலில் பேச.

அதனால் முதலில் தானாக வரவேண்டிய பணம் வருகிறதா என்று பாருங்கள். கடிதத்தில் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 12,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. அடுத்து, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நீங்கள் அதற்குள்தான் வருகிறீர்கள். இ-சேவை மையத்தில் புது வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பியாச்சு என்கிறார்கள், கணக்கில் காணோம் என்று என்னிடம் பலர் வருவார்கள். ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் அரசுப் பணம் போகும். பள்ளியில் ஆரம்பித்த கணக்கு ஒன்று, கல்லூரிக்காக ஆரம்பித்தது இன்னொன்று என்று இருந்தால், நீங்கள் பார்க்காத பாஸ்புக்கில் பணம் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் வரவு செலவே செய்யாவிட்டால் அந்தக் கணக்கு முடங்கியும் போகலாம். வங்கிக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

சரி, சேவைக்கென்றே எதுவும் கிடையாதா? உண்டு, ஆனால் அவை விருதுகள். முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்கானது. ஆண்களில் மூன்று பேர், பெண்களில் மூன்று பேர், ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய். தேசிய அளவில் சிறந்த என்.எஸ்.எஸ். தொண்டர்களுக்கும் ஒரு லட்சம் ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் தருகிறார்கள். மகள் தாராளமாக முயற்சி செய்யட்டும். ஆனால் மாநிலம் முழுவதுக்கும் ஆறு பேர் என்றால், அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது. ஒரு லட்சம் வந்தால் மேற்படிப்புக்கு, வராவிட்டாலும் மாதச் செலவு நிற்கக்கூடாது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அதோடு ஏழு நாள் முகாம். 120 மணி நேரத்தை எட்டு எட்டாகப் பிரித்தால் பதினைந்து நாள்தான். அதிலும் ஒரு பகுதி கல்லூரி வளாகத்திலேயே முடிந்துவிடும். வருடத்தில் 52 ஞாயிறு. தேர்வு, பண்டிகை, மழை, மண்சரிவு எல்லாம் போக முப்பது ஞாயிறு கடைக்குப் போனால்கூட 15,000 ரூபாய். உங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. வேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வகுப்பை விடவும் வேண்டாம். லைனில் இருக்கும் அந்தப் பிள்ளைகள் டீச்சர் வருவார் என்று காத்திருப்பார்கள், ஒரு வாரம் வந்து ஒரு வாரம் வராமல் போனால் எழுத்து நிற்காது. கூடப் படிக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் முறை வைத்துப் போகட்டும். இவளுக்கு மூன்று வாரத்தில் ஒரு ஞாயிறு வகுப்பு, இரண்டு ஞாயிறு கடை. காசுக்காக நான் சொல்லும் இந்த ஏற்பாடுதான் அவள் விண்ணப்பத்துக்கும் பலம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் "நூறு மரக்கன்று நட்டோம்" என்பதைப் படித்துப் படித்துச் சலித்துப்போனவர்கள். நீ இல்லாத அன்றைக்கு அந்த வகுப்பு நடந்ததா, யார் நடத்தினார், அதற்கு நீ என்ன ஏற்பாடு செய்தாய் என்றுதான் கேட்பார்கள். ஆள் சேர்த்து, முறை போட்டு, ஒருவர் வராதபோது சமாளித்த அனுபவம் எந்தக் கோவைப் பயிற்சியிலும் கிடைக்காது.

நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள், என்ன பாடம், யார் எடுத்தார் என்று வாராவாரம் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்டேட் அலுவலகத்திலோ பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். விருதோ தனியார் அறக்கட்டளையோ, ஆதாரம் கேட்கும்போது லேமினேட் சான்றிதழைவிட இந்த நோட்டுதான் பேசும்.

கட்டாமல் விட்ட 4,500 ரூபாயில் வங்கியில் மாதம் 500 போட்டு ஓர் ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள், ஒன்பது மாதத் தவணை அதிலேயே ஓடிவிடும். அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடம், இவளுக்கு அவ்வளவு நாள் இல்லை.

மகன் விஷயத்தில் நேரம் இருக்கிறது. மகளுக்குத் தவறிப்போன ஒன்று அவனுக்குக் கிடைக்கலாம். பிளஸ் டூவில் தன் பாடப் பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தால், வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு இளநிலைப் படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய் தருகிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும், வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது. எது அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த மதிப்பெண் வராவிட்டாலும் அரசுப் பள்ளிப் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. வங்கிக்குப் போகும்போது அவனுடைய ஆதார் இணைப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.