உயிரி எரிசக்திக்கு அரசு ஆதரவு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சாண எரிவாயுக் கலன்கள், மரக்கழிவு பாய்லர்கள் என்று பல வருடம் இந்தத் துறையிலேயே புழங்குகிறேன். வந்திருந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

சோலாருக்குக் கொடுக்கிற மாதிரியே உயிரி எரிசக்திக்கும் முதலீட்டு மானியம் கொடுத்தால் போதாதா சார்?

போதாது. வெயிலும் காற்றும் சும்மா வருகின்றன. பேனலைப் பொருத்தும்போது பணம் மொத்தமாகப் போகும், அதற்கப்புறம் பெரிய செலவில்லை. உயிரி ஆலை அப்படியல்ல, அது மாடு மாதிரி. தினமும் தீனி வேண்டும். மாடு வாங்கக் கடன் கொடுத்துவிட்டுத் தீவனத்தைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் என்ன நடக்கும்? அதுதான் பல ஆலைகளுக்கும் நடந்திருக்கிறது. திறப்பு விழாவோடு சரி.

தீனியின் தரமும் முக்கியம். ஓர் ஆலையின் முற்றத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே சரசரவென்று காய்ந்திருந்தது. உள்ளே ஈரம், கை பொறுக்காத சூடு. மக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். புதிதாக வெட்டிய மரத்திலும் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் சொல்கிறேன்: ஆலை கட்டியதற்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள், ஓடுவதற்குக் கொடுங்கள். மூலப்பொருளைச் சேகரிக்க, உலர்த்த, சேமிக்க உதவுங்கள்.

ஓடுவதற்குக் கொடுத்தால் சிலர் வீணாக ஓட்டிக் காசு பார்க்க மாட்டார்களா?

பார்ப்பார்கள், பார்த்தார்கள். வட அயர்லாந்தில் 2012 நவம்பரில் மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிக்கும் பாய்லர் போன்றவற்றுக்கு ஒரு வெப்ப ஊக்கத் திட்டம் வந்தது. எவ்வளவு வெப்பம் உண்டாக்குகிறீர்களோ அவ்வளவு பணம். எரிபொருள் வாங்கும் விலையைவிட மானியம் கூடுதலாக இருந்தது, அதற்கு உச்சவரம்பும் இல்லை. எரிக்க எரிக்க லாபம்! 2016 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். 2017 ஜனவரியில் அந்தச் சர்ச்சையில் ஆட்சியே கவிழ்ந்து, மூன்று வருடம் அங்கே அரசு அமையவில்லை.

எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இதே போன்ற திட்டம் முன்பே இருந்தது. அதில் பாய்லர் வருடத்தில் முழுத்திறனில் 1,314 மணி நேரம் ஓடியதற்குச் சமமான வெப்பத்துக்குத்தான் முழு விகிதம். அதைத் தாண்டினால் விகிதம் வெகுவாகக் குறையும். அந்த ஒரு விதியை எடுத்திருந்தால் போதும்.

உணவுப் பயிரை எரிபொருளாக்க அரசே ஊக்கம் கொடுப்பது நியாயமா, ஐயா?

எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனி 2000-இல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு 20 வருட நிலையான கொள்முதல் விலையைச் சட்டமாக்கியது. சோலாரும் காற்றாலையும் உலகம் முழுக்க மலிவானதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2004-இல் எரிசக்திப் பயிர்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை சேர்த்தார்கள். வயல் வயலாக மக்காச்சோளம் ஏறியது. 2012-இல், சாணம், பயிர் போன்றவற்றை நொதிக்கவைத்து வாயு எடுக்கும் புது உயிரிவாயு ஆலைகளில் மக்காச்சோளமும் தானியமும் 60 சதவீத எடையைத் தாண்டக்கூடாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. சாணம், கரும்புச் சக்கை, காய்கறிக் கழிவு இவற்றுக்குத்தான் முதலிடம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஏலத்துக்கு விட்டு, குறைந்த விலை கேட்பவருக்குக் கொடுத்தால் என்ன?

ஒரே ஏலத்தில் விட்டால் சோலார் ஜெயிக்கும், உயிரிவாயு தோற்கும். ஆனால் இரண்டும் ஒரே சரக்கு அல்ல. வாயுவைக் கலனில் பிடித்துவைத்து, பொழுது சாய்ந்து மின்தேவை ஏறும்போது எஞ்சினை ஓட்டலாம். தனி ஏலம் வையுங்கள். கேட்ட நேரத்தில் மின்சாரம் தருவதற்குத் தனியாக விலை கொடுங்கள்.

ஆட்சி மாறினால் சலுகையும் மாறுகிறதே, நம்பி முதலீடு செய்யலாமா?

பயம் நியாயம்தான். ஸ்பெயினில் 2007, 2008-இல் தாராளமான விலையை நம்பி சோலார் குவிந்தது. பிற்பாடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆலைகளுக்கும் வருமானத்தை வெட்டினார்கள். புதிதாக வருபவர்களுக்கு விலையைக் குறைப்பதில் தவறில்லை, கொடுத்த வாக்கை மீறக்கூடாது. அறிவிப்பை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கையெழுத்தான ஒப்பந்தம் வரட்டும்.

வாயு கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடவே கூடாது. இந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பம் கூட்டும். சில சதவீதக் கசிவே ஆலையால் கிடைக்கும் நன்மையைத் தின்றுவிடும். வாசனையை நம்பாதீர்கள்; அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது, மீத்தேனுக்கு மணமே கிடையாது. குழாய் மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வெளியேறும் கசடைத் திறந்த குழியில் விடாமல் மூடிய தொட்டியில் சேருங்கள், அதிலிருந்தும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். மானியத்தின் கடைசித் தவணையைக் கசிவுச் சோதனை முடிந்த பிறகே தர வேண்டும் என்பது என் கோரிக்கை.